கேட்காவ் வழியில் கேட்ட சத்தம்

பிழைப்பின் நிமித்தம் மும்பையிலும் புனேயிலும் வந்து குடியேறிய நாம் விடுமுறை என்றதும் ஊருக்குப் போகும் ரயிலைத்தான் முதலாவது நினைக்கிறோம். நம்மை வாழவைத்த இந்த மராட்டிய மண்ணிலேயே, நம்முடைய எழுப்புதல் சரித்திரத்தில் முன் பக்கத்தில் எழுதப்பட வேண்டிய ஓர் ஊர் இருக்கிறது. புனே நகரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில், தவுண்ட் தாலுகாவைச் சேர்ந்த கேட்காவ் என்பதே அந்த ஊர். பண்டித ரமாபாய் அம்மையார் ஸ்தாபித்த முக்தி மிஷன் அங்கேதான் உள்ளது. தமிழில் எழுதும்போது அந்த ஊரின் பெயர் "கேட்க" என்று தொடங்குவது தற்செயலே. ஆனாலும் கடந்த பிப்ரவரி மாதத்தில் அவ்விடத்திற்குக் குடும்பமாய்ப் பிரயாணப்பட்டபோது, வழி நெடுகிலும் செவிகொடுத்துக் கேட்பதே எங்கள் வேலையாயிற்று.

ரமாபாய் அம்மையாரைக் குறித்து ஞாயிறு பள்ளியில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1858ஆம் வருடம் பிறந்தவர். பெண்ணுக்கு சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்றிருந்த நாளில், தகப்பனாராகிய அனந்த சாஸ்திரி தம் மனைவிக்குக் கற்பித்தார். தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்டாள். ஊர் ஊராய்ப் புராணம் வாசித்துப் பிழைத்த அந்தக் குடும்பத்தைச் சென்னை மாகாணத்தில் 1870களில் உண்டான பஞ்சம் வாரிக்கொண்டு போனது. பெற்றோரையும் மூத்த சகோதரியையும் இழந்த ரமாபாய், மிஞ்சியிருந்த சகோதரனுடன் தேசமெங்கும் நடந்து 1878ல் கல்கத்தா சேர்ந்தார். அங்குள்ள வித்துவான்கள் அவருக்குப் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் அளித்தார்கள். 1880ல் விவாகம், 1882ல் கணவர் மரித்துப்போனார், கையில் ஒரு பெண் குழந்தை. தானே விதவையாயிருந்தவர்தான் விதவைகளுக்காக 1889ல் மும்பையில் சாரதா சதன் என்ற இல்லத்தைத் திறந்தார். 1896-97ல் வந்த கொடிய பஞ்சத்தில் அநாதையாய்த் திரிந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து கேட்காவ் நிலத்தில் குடியமர்த்தினார். தகப்பனும் தாயும் பஞ்சத்தில் மடிந்ததைக் கண்ட கண்கள், இன்னொரு பஞ்சத்தில் பிறர் பிள்ளைகளைத் தேடிப் போயின.

1905 ஜூன் மாதத்தில் அங்கே உண்டான எழுப்புதல், நாம் அடிக்கடி பேசுகிற லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா வீதி எழுப்புதலுக்கு முந்தின வருடத்தியது. இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும். அங்கு ஊழியம் செய்த மின்னி ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்க சகோதரி 1906ல் எழுதிய சிறு புத்தகம் சிலி தேசத்திலுள்ள சிநேகிதியின் கைக்குப் போய்ச் சேர்ந்து, 1909ல் வால்பரைசோ பட்டணத்தில் எழுப்புதலுக்கு ஏதுவாயிற்று. புனே ஜில்லாவின் ஒரு வறண்ட கிராமத்திலிருந்து தென் அமெரிக்காவின் மேற்குக் கரை வரைக்கும்!

இனி பாதையைச் சொல்லுகிறேன். தாராவி, செம்பூர், குர்லா பகுதிகளிலிருந்து புறப்படுகிறவர்கள் சயான்-பன்வேல் நெடுஞ்சாலையில் வாஷி பாலத்தைக் கடந்து கலம்போலி சேரவேண்டும். அங்கிருந்து மும்பை-புனே விரைவுச் சாலை. ஏறத்தாழ 94 கிலோமீட்டர். இரு சக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அதில் அனுமதியில்லை. கோபோலியைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. போர் காட் என்று சொல்லப்படுகிற இந்தக் கணவாயில்தான் 1863ல் ரயில் பாதை திறக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திற்கு ஏறி கண்டாலா, லோனாவ்லா வழியாய்ச் சென்றால் அப்புறம் சமவெளிதான். லோனாவ்லாவில் சிக்கி வாங்காமல் பிள்ளைகள் விடமாட்டார்கள்; அதற்காக அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். புனேயைக் கடந்து சோலாப்பூர் சாலையில் ஹடப்சர், லோணி கால்போர், உருளி காஞ்சன், யவத் என்ற ஊர்களைத் தாண்டி சௌபுலா என்னும் கூட்டு ரோட்டில் திரும்பினால் கேட்காவ். உருளி காஞ்சன் என்பது 1946ல் காந்தியடிகள் இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கின ஊர். நேரமுள்ளவர்கள் இறங்கிப் பார்க்கலாம், நாங்கள் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்றால், அதற்குள்ளாக வண்டியின் சத்தத்திலேயே பாதி நாள் போய்விட்டது. மலைப்பாதையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற ஒவ்வொருவரும் அறியவேண்டிய காரியமாகையால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் சபைகளில் இப்பொழுது அநேக குடும்பங்களில் ஏழு பேர் அமரும் பெரிய வண்டி இருக்கிறது. பெரும்பாலும் ஒருவர் ஓட்டிவிட்டு விற்றது, கடனில் வாங்கினது. வாரநாளில் வேலைக்கு, சனிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்திற்கு ஸ்பீக்கர் பெட்டி ஏற்ற, ஞாயிறு நாலு வீட்டாரைச் சபைக்குக் கூட்டிவர என்று அதற்கு ஓய்வில்லை. எங்களுடையதும் அப்படிப்பட்டதே, லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. மழைக்காலத்து மும்பைக் குழிகளில் இரண்டு வருடம் ஓடினபின், முன் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் உண்டாயிற்று. பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில் காட்டினோம். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சொல்லி முன்னிரண்டையும் மாற்றி, ஒரு மாத வீட்டு வாடகைக்கு மேற்பட்ட தொகைக்கு பில் கொடுத்தார்கள். பத்து நாள் அடங்கியதுபோல் இருந்தது. பின்பு தட்டு மறுபடியும் கேட்டது.

விரைவுச் சாலையில் அந்தச் சத்தம் கேட்கவேயில்லை என்பதைக் கவனியுங்கள். கான்கிரீட் தளத்தில், அதன் இணைப்புகளின்மேல் டயர் ஓடும் ஒரே சீரான ஓசை மட்டும் இருந்தது. காலாப்பூர் சுங்கச் சாவடியை நெருங்கும்போது, வேகம் குறைந்து சிறு மேடுகளின்மேல் சக்கரம் ஏறினதும், டக் டக் டக். மலையில் முன்னே போன லாரி நின்றதால் பிரேக் அழுத்தினபோது, தும் என்று வேறொரு சத்தம். ஓடுகிற வண்டியில் எல்லாம் ஒன்றாய்க் கலந்து ஒரே தட்டாகத்தான் பெரியவர்கள் காதில் விழும். சபையில் டிரம்ஸ் வாசிக்கிற என் மகன்தான் பின்னாலிருந்து, "அப்பா, அது ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு குச்சியால விளிம்புல அடிக்கிற மாதிரி, இன்னொண்ணு கீழே இருக்கிற பெரிய டிரம் மாதிரி" என்றான். எலியா தீர்க்கதரிசி பெருங்காற்றுக்கும் பூமியதிர்ச்சிக்கும் பின்பு மெல்லிய ஓசையைக் கேட்டதைக் குறித்து நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அன்றைக்குக் காதைத் தீட்டினவன் பதினாலு வயதுப் பையன்.

எங்களோடு என் மாமியாரும் இருந்தார்கள். நாசரேத் பக்கத்துக் கிராமம். இருபத்துநாலு வயதில் கணவரை இழந்து, பீடி சுற்றி ஒரே மகளை வளர்த்தவர்கள். ரமாபாய் அம்மையாரின் சரித்திரத்தை ஒரு பழைய சிறு புத்தகத்தில் வாசித்து, அந்த இடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறார்கள். வயது எழுபத்தெட்டு. முழங்காலுக்கு மருத்துவர் நாள் குறித்துவிட்டார். அறுவைக்குப் பின் எத்தனை மாதம் வெளியே போகமுடியாதோ தெரியாது. ஆகவே திரும்பிப் போய்விடலாமா, போகலாமா என்பது லோனாவ்லாவில் எங்களுக்கு லேசான கேள்வியாயிருக்கவில்லை. அவர்களோ, "எனக்காக யாரும் ஆபத்துல போகவேண்டாம் மாப்பிள்ளை, வண்டிய காட்டிட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தேஹு ரோடு, நிக்டி, பிம்ப்ரி வழியாய் வந்து தாபோடி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கட்கி. 1869ல் ஏற்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையும் ராணுவ முகாமும் உள்ள இந்தப் பகுதியில் தலைமுறைகளாய்த் தமிழர் வாழ்கிறார்கள். தமிழ்ச் சபைகளும் உண்டு. எங்கள் போதகர் ஐயா தொலைபேசியில் விசாரித்து ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பினார். ஒற்றை ஷட்டர், தகரக் கூரை, தரையில் வெட்டின குழி. பாட்டன் காலத்தில் வந்தவர். தமிழ் பேசும்போது நடுவில் மராத்தி விழுகிறது. என்னை "அண்ணே" என்றும் என் மாமியாரை "பாட்டி" என்றும் அழைத்தார். நம்முடைய சபையைச் சேர்ந்தவரல்லர்.

அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? வண்டிக்குள் இருந்த எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். ஸ்பேர் சக்கரத்தின் கட்டு, ஜாக்கி, அதன் கைப்பிடி, தண்ணீர் கேன், சாப்பாட்டுப் பாத்திரம் யாவும் வெளியே வந்தன. தட்டும் சத்தம் என்று வருகிற வண்டிகளில் ஜாக்கி கைப்பிடி தளர்ந்து ஆடுவதற்காகவே பாதி சஸ்பென்ஷனைக் கழற்றிப் பார்த்தவர்கள் உண்டாம். எங்கள் வண்டியில் இறக்கின பின்பும் சத்தம் இருந்தது.

அடுத்ததாக, நிற்கிற வண்டியில் என்ஜினை மாத்திரம் ஓடவிட்டு வேகத்தைக் கூட்டிக் குறைத்தார். சத்தம் என்ஜினோடு சேர்ந்து வேகமெடுத்தால் கோளாறு என்ஜினிலோ அதைத் தாங்கும் மவுண்டிங்கிலோ இருக்கும். சக்கரம் உருளாமல் அது தட்டினால் சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டியதில்லை. டீசல் என்ஜினுக்கு இயல்பான கடகடப்பு ஒன்று உண்டு. அதைக் கேட்டுப் பயப்படவேண்டாம். கியர் போட்டு கிளட்ச் விடும் அந்தக் கணத்தில் மட்டும் தட்டினால், பின் சக்கரத்துக்கு நடுவே ஓடுகிற ஷாஃப்டின் ஜாயிண்டைப் பார்க்கவேண்டும். நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தட்டினால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டிங்கையும் ஸ்டியரிங் பாகங்களையும் பார்க்கவேண்டும். எங்கள் வண்டியில் இவற்றில் ஒன்றுமில்லை.

பின்பு என்னையும் மகனையும் ஏற்றிக்கொண்டு கட்கி பஜார் பக்கத்து வேகத்தடைகளில் நடைவேகத்தில் ஓட்டினார். இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். முதல் முறை இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராக ஓட்டினார். குச்சி அடிக்கும் சத்தம் ஏறக்குறைய இல்லை. இரண்டாம் முறை இடது சக்கரம் மட்டும் ஏறும்படி ஓரமாய் ஓட்டினார். டக் டக் என்று தெளிவாய்க் கேட்டது. காரணம் இதுதான். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து குறுக்கே ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது; ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாய்ச் சாயாதபடி காப்பது அதுவே. இரு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி முழுவதும் சேர்ந்து சுழலும். அதன்மேல் பாரம் விழாது. ஒரு சக்கரம் மாத்திரம் ஏறினால் கம்பி முறுக்கப்படும்; அப்பொழுது கம்பியின் முனையைச் சக்கரத்தோடு பிணைக்கிற லிங்க் ராடு இழுபடும். அதன் சிறு உருண்டை தன் கிண்ணத்தில் தேய்ந்து தளர்ந்திருந்தால் தட்டும்.

குழிக்குள் இறங்கினபோதும் அவர் வண்டியை ஜாக்கியில் தூக்கவில்லை. சக்கரங்கள் தரையில் நிற்கவேண்டும், என்னை முன் மட்கார்டைப் பிடித்து ஆட்டவேண்டும் என்றார். சக்கரம் இரண்டும் தொங்கும்போது லிங்க் ராடு ஒரே பக்கமாய் இழுபட்டு நிற்கும், தளர்ச்சி தெரியாது என்பது அவருடைய விளக்கம். ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வைத்துக்கொண்டே வந்து, இடது லிங்க் ராடில் நிறுத்தி, என்னையும் கீழே இறங்கித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காதுக்குக் கேட்டது இப்பொழுது விரலில் துடித்தது. கழற்றிக் காட்டினார். நல்ல லிங்க் ராடின் உருண்டை இறுக்கமாயிருக்கும். வைத்த பக்கத்தில் நிற்கும். எங்களுடையது தன் பாரத்திலேயே துவண்டு விழுந்தது.

லிங்க் ராடு இரண்டு பக்கமும் ஜோடியாய் மாற்றப்பட்டது. பொருள் பக்கத்துக் கடையிலேயே கிடைத்தது. மும்பையில் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மறுபடியும் ஓட்டினோம். குச்சிச் சத்தம் போய்விட்டது. பிரேக் பிடித்து விடும்போது கேட்கும் பெரிய டிரம் சத்தம் மாத்திரம் தனியாய் நின்றது.

இனிதான் பயப்படத்தக்க பாகம். லிங்க் ராடு உடைந்தால் வண்டி வளைவில் சாயும், சத்தம் போடும். சக்கரம் கழன்று போகாது. கீழ் பால் ஜாயிண்ட் அப்படியல்ல. சக்கரத்தின் முழு அமைப்பையும் கீழ்க் கையோடு பிடித்திருப்பது அது. அது விட்டுப்போனால் ஓடுகிற ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும். "அது ஆடுச்சுன்னா அண்ணே, சாவிய நான் திருப்பித் தரமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். பால் ஜாயிண்டின்மேல் ஸ்பிரிங்கின் பாரம் இல்லாதபடிக்கு அங்கே வைக்கவேண்டும். டயருக்குக் கீழே நீண்ட பாரையைக் கொடுத்து மேலே நெம்பினார். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினார். இப்படி ஆட்டும்போது சக்கரம் அசைந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லவேண்டும். அசைவு நின்றுவிட்டால் குற்றம் வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்டில். பக்கவாட்டில் இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது ஸ்டியரிங் கம்பியின் முனையைச் சோதிப்பதற்காக. பின்பு பானெட்டைத் திறந்து, அண்மையில் ஷாக் அப்சார்பர் மாற்றியிருக்கிறபடியால் அதன் மேல் நட்டுகளை ஸ்பானர் வைத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிஷமும் என் மாமியார் வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக்கின் மனைவி கொண்டுவந்த தேநீர் ஆறிப்போயிருந்தது.

எதிலும் அசைவில்லை. பால் ஜாயிண்ட் உறுதியாயிருந்தது. கடைசியாய், கீழ்க் கை வண்டியின் சட்டத்தோடு சேருமிடத்தில் பாரையைக் கொடுத்து நெம்பியபோது பின்பக்கத்து ரப்பர் புஷ் வாய் திறந்தது. ரப்பர் பாதி கிழிந்திருந்தது. பிரேக் பிடிக்கையில் கை பின்னே நகர்ந்து, விடும்போது முன்னே வந்து இடிக்கிற சத்தமே தும்.

அந்த புஷ்ஷை நானா பேட்டில் உள்ள உதிரிபாகக் கடைகளில்தான் வாங்கவேண்டும். சனிக்கிழமை மாலையாகிவிட்டது, அவர் சொன்ன கடை திங்கட்கிழமைதான் திறக்கும். என்ன செய்வது என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. போல்ட்டை மறுபடியும் முறுக்கிப் பார்த்தார். கிழியாத பக்கத்து ரப்பரை விரலால் அழுத்தினார். பிறகு, சமவெளிச் சாலையில் 50க்கு மேற்படாமல், பிரேக்கை உதைக்காமல் கேட்காவ் போய் வரலாம் என்றார். ஆனால் இந்த புஷ்ஷோடு மலை இறங்கி மும்பைக்குப் போகக்கூடாது, திங்கட்கிழமை காலையில் வண்டி தன் குழியின்மேல் நிற்கவேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

வண்டி வாங்கினவுடன் சபையார் சூழ நின்று ஜெபித்து எண்ணெய் பூசுவது நம்மிடத்தில் வழக்கம். நல்லதுதான். அந்த எண்ணெய் பானெட்டின்மேல் பூசப்படுகிறது. ரப்பர் கிழிவதோ அடியில். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் கழிந்ததும், ஒரு கைதேர்ந்தவரைக் குழியில் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்கியில் ஒரு விசுவாசி வீட்டில் இராத் தங்கி, ஞாயிறு அதிகாலையில் புறப்பட்டோம். ஹடப்சர் தாண்டினதும் இருபுறமும் கரும்பு. சாலையில் பாரம் ஏற்றின மாட்டு வண்டிகளும் டிராக்டர்களும் வந்ததால் 50க்கு மேல் போகவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. எங்களைக் கடந்து போகிறவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.

முக்தி மிஷன் இன்றும் பெண்களும் பிள்ளைகளும் வாழும் இல்லம். சுற்றுலாத் தலம் அல்ல. ஆகையால் முன்னதாகவே தொடர்புகொண்டு அனுமதி பெற்றுச் செல்லுங்கள். நினைத்த இடமெல்லாம் புகைப்படம் எடுக்கவேண்டாம். 1899ல் அஸ்திபாரமிடப்பட்ட பெரிய ஆலயத்தில், ஜனங்கள் தரையில் அமர்ந்து ஆராதித்த அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டு சற்றே உட்காருங்கள். ரமாபாய் அம்மையார் எபிரெய, கிரேக்க மொழிகளைக் கற்று, சமஸ்கிருதம் அதிகம் கலவாத, பாமரப் பெண்ணுக்கும் விளங்குகிற மராத்தியில் வேதாகமம் முழுவதையும் இங்கேயே மொழிபெயர்த்தார். அச்சு எழுத்துக் கோத்ததும் அச்சிட்டதும் இல்லத்துப் பெண்களே. ஏறத்தாழ 18 வருட உழைப்பு. மகள் மனோரமா 1921ல் தாய்க்கு முன்னே மரித்தாள். தாய் 1922 ஏப்ரல் 5ஆம் தேதி மரிக்கும் நாட்கள் வரைக்கும் திருத்தும் பணியில் இருந்தார். முழு வேதாகமம் 1924ல் வெளிவந்தது. இந்திய அரசு 1989ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

என் மாமியார் கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டுக் கல்லறையண்டை நின்றார்கள். உரத்த சத்தமாய் ஜெபிக்கிறவர்கள் அன்று வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில், அங்கே எதிர்ப்பட்ட வயதான பெண் ஒருவர் மராத்தியில் ஏதோ கேட்க, இவர்கள் தமிழில் பதில் சொன்னார்கள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்கள். என்ன பேசினீர்கள் என்று மகள் கேட்டதற்கு, "அவங்களுக்கும் முழங்கால் வலியாம்" என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை காலையில் வண்டி குழியின்மேல் நின்றது. கீழ்க் கையைக் கழற்றி, பக்கத்து லேத் பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பழைய புஷ்ஷைத் தள்ளி வெளியேற்றி, அது இருந்த திசையைக் கையில் கோடு கிழித்து அடையாளம் வைத்துப் புதியதை ஏற்றினார்கள். மாட்டியபின் போல்ட்டைக் கையால் திருகி மட்டும் விட்டார். வண்டியை இறக்கி, சக்கரங்கள் தரையில் நின்று, என் பிள்ளைகளையும் உள்ளே ஏற்றி உட்காரவைத்தபின்தான் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார். இதை எந்த ஒர்க்ஷாப்பிலும் நின்று கவனியுங்கள். சக்கரம் தொங்குகிற நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கும்போதே ரப்பர் முறுக்கேறி, எப்போதும் அந்த முறுக்கோடே ஓடிச் சில மாதங்களில் கிழிந்துவிடும். பழைய புஷ்ஷின் கிழிசல் ஒரே பக்கமாய்ச் சுற்றிப் போயிருந்ததைக் காட்டி, முன்பு மாட்டினவர் அப்படித்தான் இறுக்கியிருப்பார் என்றார். யார் என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

கீழ்க் கையைக் கழற்றினால் வீல் அலைன்மெண்ட் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிற்பகலில் கண்டாலா இறக்கத்தில் தாழ்ந்த கியரில், பிரேக்கை அளவாய்ப் பிடித்து இறங்கினோம். டீசல் என்ஜினின் முனகலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மகன் மட்டும் கோபோலி வரைக்கும் காதைக் கதவருகே வைத்துக்கொண்டே வந்தான்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் கவலைப்படவேண்டியதில்லை. புனேயிலிருந்து தவுண்ட் செல்லும் ரயில் பாதையில் கேட்காவ் ரயில் நிலையம் உண்டு. முதியோருக்குச் சாலையைவிட அதுவே இலகு. வெயில் கடுமையாகுமுன், நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் செல்லுங்கள். குடிநீர் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே எல்லாரும் பேசுவது மராத்தியே. நம் பிள்ளைகள் பள்ளியில் கற்ற மராத்தி அன்றைக்கு உதவும்.